உயிருள்ள மண்ணில் எதை விதைப்பது?

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பமொன்றில் பிறந்து, இப்போது சென்னையில் கணினித் துறையில் பணியாற்றும் இளைஞன் ஒருவன், சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை என்னைத் தேடி வந்தான். ஒப்புரவு அருட்சாதனத்திற்காக வரவில்லை, பேசுவதற்காகவே வந்தான். (அவன் கேட்டதை எழுதலாம் என்று அவனே இசைவு தந்திருக்கிறான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.) கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்துக் காட்டினான். கருநிறமான, ஈரம் பொதிந்த, மழை நின்ற காட்டின் மணம் வீசும் ஒரு பிடி மண். அதனுள் நூலிழைபோல் ஒரு மண்புழு நெளிந்தது.

"ஒன்றரை வருசமா நான் வளர்க்கிற மண்ணு, சாமி" என்றான்.

செடி வளர்ப்பவரைக் கண்டிருக்கிறேன். மண் வளர்ப்பவனை அன்றுதான் கண்டேன். வாடகை வீட்டின் மூலையில், துணிப்பை ஒன்றில், காய்கறிக் கழிவும் இலைச்சருகும் எருவும் மக்கி உருவான மண் அது. இரசாயன உரம் இல்லை, பூச்சிமருந்து இல்லை, கொத்திக் கிளறுவதும் இல்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் பூஞ்சை இழைகளும் புழுக்களும் தாமாகவே செடிக்கு உணவு ஆக்கித் தருகின்றன. மேல்நாட்டார் இதனை 'உயிருள்ள மண்' என்று அழைக்கிறார்களாம். அந்த மண்ணில், அறைக்குள், மின்விளக்கின் ஒளியில், தன் சொந்த உபயோகத்துக்காக இரண்டு கஞ்சாச் செடிகளை வளர்க்க நினைப்பதாகச் சொல்லி, "இது பாவமா, சாமி?" என்று கேட்டான்.

நான் அதிர்ந்துபோனேன் என்பதை மறைப்பானேன்? அதிர்ச்சியில் மனிதர் செய்வதையே நானும் செய்தேன். சட்டத்தை எடுத்து நீட்டினேன். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, கஞ்சாச் செடி பயிரிடுவோருக்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்றேன். 2023இல் கர்நாடகத்துச் சிவமொக்காவில் வீட்டுக்குள் கஞ்சா வளர்த்ததாக மருத்துவ மாணவர்களே கைதான செய்தியையும் நினைவூட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் சட்டத்தைக் கேக்கலை சாமி, பாவமான்னு கேட்டேன்" என்று சொல்லி எழுந்து போனான்.

அவன் சொன்னது சரி. குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நான், காவல் நிலையத்தில் கிடைக்கக்கூடிய விடையைக் கொடுத்தனுப்பியிருந்தேன். பின்வருவது அவனுக்கு நான் காலந்தாழ்த்திச் சொன்ன மறுமொழி. இது போன்ற கேள்வியைத் தம் இல்லத்துப் பிள்ளைகளிடமிருந்து என்றாவது கேட்கப்போகும் பெற்றோருக்கும் பயன்படலாம்.

சட்டம் என்பது நிலையான அளவுகோல் அன்று என்பது அவன் கட்சி. வரலாறு அவன் பக்கம் கொஞ்சம் சாய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலேய அரசு 1893இல் அமைத்த இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம், அளவான பயன்பாட்டினால் பெருந்தீங்கு இல்லை என்று கருதி, முழுத்தடையைப் பரிந்துரைக்க மறுத்தது. 1985க்கு முன் நம் நாட்டின் பல மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா விற்கப்பட்டது. இன்றைய சட்டமோ, செடியின் பூங்கதிரைத் தடுக்கிறது. தனித்து நிற்கும் இலையையும் விதையையும் கஞ்சா என்ற சொல்லுக்குள் சேர்ப்பதில்லை. அதனால்தான் வடநாட்டில் பாங்கு இன்றும் அருந்தப்படுகிறது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க வாக்களித்தபோது இந்தியாவும் ஆதரவாகவே வாக்களித்தது. செர்மனி 2024 ஏப்ரல் முதல் வயது வந்தோர் வீட்டில் மூன்று செடிகள் வளர்க்க இசைந்திருக்கிறது. தாய்லாந்து 2022இல் கதவைத் திறந்து, 2025இல் மருத்துவச் சீட்டு இல்லாமல் கிடைக்காதபடி பாதி மூடிக்கொண்டது. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பாவம் புண்ணியமாகிவிடுமா என்ன?

அவனுடைய இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் பழங்குடியினரின் ஏழ்மையைப் பயன்படுத்தி விளைவிக்கப்படும் கஞ்சா, கொல்கத்தா நெடுஞ்சாலை வழியே வந்து, எளாவூர் சோதனைச் சாவடியைக் கடந்து, நம் ஏரியின் மேற்குக் கரையோரமாகவே சென்னைக்குள் நுழைகிறது. அந்தச் சங்கிலியில் இரத்தம் இருக்கிறது, கையூட்டு இருக்கிறது, சிறைப்பட்ட ஏழைகள் இருக்கிறார்கள். "நான் அந்தச் சங்கிலியிலிருந்து விலகிக்கொள்கிறேன். விற்க மாட்டேன். மண்ணுக்குக்கூட நஞ்சு இடமாட்டேன். ஆண்டவர் விதை தரும் செடிகள் அனைத்தையும் மனிதனுக்குத் தந்தார் என்று தொடக்க நூல் முதல் அதிகாரத்தில்தானே இருக்கிறது?" என்றான், இரண்டாம் முறை வந்தபோது.

அவ்வசனம் உணவைப் பற்றியது என்றேன். அரளியும் விதை தரும் செடிதான். ஆனால் இத்தகைய எளிய மறுப்புகளில் வெல்வதால் என்ன பயன்? அவன் கையிலிருந்த மண் என்னை விடவில்லை.

ஏனெனில் அந்த மண் உண்மையிலேயே நல்லது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், பூஞ்சைகளும் புழுக்களும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் படைப்பின் ஒழுங்கிற்கு இன்றியமையாதவை என்று தனியே குறிப்பிடுகிறார். பெரும்பாலான நிலச்செடிகளின் வேர்களோடு பூஞ்சைகள் உறவாடுகின்றன. செடி சர்க்கரை தருகிறது, பூஞ்சை மணிச்சத்தைக் கொணர்ந்து தருகிறது. இந்த அறிவு மேல்நாட்டில் மட்டும் முளைத்ததன்று. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலார் 1905இல் இந்தியாவுக்கு வந்து, நம் உழவர்களிடம் கற்றதைக் கொண்டே இந்தூரில் மக்குரம் செய்யும் முறையை வகுத்தார். நம் தலைமுறையில் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து சொன்னதும் இதையே.

பழவேற்காட்டு மக்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. இவ்வேரியின் சேறே ஓர் உயிருள்ள மண்தான். ஆரணி ஆற்றின் நன்னீரும் முகத்துவாரம் வழி வரும் கடல்நீரும் கலக்கும் அச்சேற்றில்தான் இறால் வளர்கிறது. இருளர் குலப் பெண்கள் குனிந்து, கையால் துழாவி, அந்தச் சேற்றிலிருந்தே அன்றைய உணவை எடுக்கிறார்கள். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலுக்கு இரையாகும் சேற்றுப் புழுவைத் தோண்டி விற்றுப் பிழைப்போரும் உண்டு. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காந்தியர் ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்கில், சில்கா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றின் ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணைகள் கூடாதென்று தீர்ப்பளித்தது. இறால் நல்ல உணவு. அதை வளர்ப்பதும் தன்னளவில் குற்றமன்று. ஆனால் நல்ல பொருளும் தனக்குரிய உறவுகளை அறுத்துக்கொண்டு வளர்க்கப்படும்போது பிறரது வாழ்வைக் கெடுக்கும் என்பதை இக்கரை வாழ்ந்து அறிந்திருக்கிறது.

சாலமோனின் ஞானநூல் முதல் அதிகாரத்தில் ஓர் ஆழ்ந்த கூற்று உண்டு: உலகின் படைப்புகள் நலமானவை, அவற்றில் அழிவைத் தரும் நஞ்சு இல்லை என்பது அதன் கருத்து. அங்கே 'நஞ்சு' என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள சொல் 'ஃபார்மகோன்'. அச்சொல்லுக்கு மருந்து என்றும் நஞ்சு என்றும் இரு பொருளும் உண்டு. ஆகவே கஞ்சாச் செடியும் இறைவனின் படைப்பே; அது பாவம் செய்யவில்லை. இஸ்ரயேலின் ரெகோவோத்தில் 1964இல் இரபேல் மெக்கூலம் குழுவினர் அதன் போதைப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதே செடியின் மற்றொரு கூற்றிலிருந்து, வலிப்பால் துடிக்கும் குழந்தைகளுக்கான மருந்தொன்று 2018இல் அமெரிக்காவில் ஏற்பு பெற்றது. திருச்சபையின் மறைக்கல்வி நூலும் போதைப்பொருள் பயன்பாட்டைப் பெரும் குற்றமென்று கூறுமிடத்திலேயே, மருத்துவக் காரணத்தை விலக்காக நிறுத்துகிறது.

எனவே செடியில் இல்லை பாவம், மண்ணிலும் இல்லை. செயலின் நன்மை தீமையை அளக்க மூன்றைப் பார்க்கவேண்டும் என்பது நம் மரபு: செய்யப்படும் செயல், செய்பவரின் நோக்கம், சூழ்நிலை. தூய்மையான முறை என்பது இம்மூன்றில் எதற்கும் ஈடாகாது. கலப்படமற்ற தாளில் அச்சிட்டாலும் கள்ளநோட்டு கள்ளநோட்டே. இயற்கை உரம் என்ற சொல் இன்று தீர்த்தம்போல் தெளிக்கப்படுகிறது. தெளித்ததெல்லாம் தூய்மையாகிவிடும் என்று எண்ணுகிறோம்.

"உனக்கு அதிலிருந்து என்ன வேண்டும், தம்பி?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தான். இரவுப் பணி, உறக்கமின்மை, ஊருக்கு அனுப்பவேண்டிய பணம், தங்கையின் படிப்பு. "தலைக்குள்ள சத்தம் நிக்கணும் சாமி. அவ்வளவுதான்."

புனித தோமா அக்குவினா குடிவெறியைப் பற்றி எழுதும்போது, அறிந்தும் விரும்பியும் ஒருவன் தன் பகுத்தறிவைத் தானே கைவிடுவதிலேயே அதன் கேட்டைக் காண்கிறார். ஒரு கிண்ணம் திராட்சை இரசம் அந்த நோக்கமின்றியும் அருந்தப்படலாம். தலைக்குள் ஒலிக்கும் சத்தத்தை அணைப்பதற்கென்றே புகைக்கப்படும் பூவுக்கு வேறு நோக்கம் இல்லை. அந்தச் சத்தத்தில் பாதி அவனை அழைக்கும் மனிதரின் குரல். தாயின் குரல், தங்கையின் குரல். மீதிப் பாதிக்கு மருத்துவர் வேண்டும். உறக்கத்திற்கு ஒரு மருத்துவரைப் பார் என்று முதல் நாளே சொல்லத் தோன்றாமல், சிறைத்தண்டனையைச் சொன்னேனே என்று நாணினேன்.

"சாமி, ஊர்ல டாஸ்மாக் இருக்கே?" என்று அவன் கேட்டதையும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது. 2003 முதல் அரசே சில்லறையில் மது விற்கிறது. 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவர் குடியிருப்பில் கள்ளச்சாராயம் உயிர்களைக் குடித்தது. நம் திருவிழாக்களில் குடித்துவிட்டுத் தேர் தூக்குவோரைக் கண்டும் காணாததுபோல் நிற்கிறோம். இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, வெட்கம்தான் இருந்தது. ஆயினும், ஒரு வாசல் திறந்து கிடப்பது மற்றொன்றைத் திறப்பதற்குக் காரணமாகாது என்று மட்டும் சொன்னேன். அவன் சிரித்தான்.

அவனை நிறுத்தியது இறையியல் அன்று என்றே எண்ணுகிறேன். அவன் கணக்குப் பார்ப்பவன். கணக்கு ஒன்றைப் பார்த்தோம். மண் தூயது, சரி, விளக்கு? அறைக்குள் வளரும் இச்செடிக்குச் சூரியனுக்கு ஈடாக மின்சாரம் வேண்டும்; குளிரூட்டி வேண்டும், காற்றாடி வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, அறைக்குள் விளைந்த உலர்பூ ஒரு கிலோவுக்கு, இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 2,300 முதல் 5,200 கிலோ வரை கரிவளி வெளியாகிறது. அந்த மின்சாரம் சென்னைக்கு எங்கிருந்து வருகிறது? அத்திப்பட்டின் வடசென்னை அனல் மின்நிலையமும் அதன் ஒரு பங்கைத் தருகிறது. அங்கிருந்து சாம்பல் கொண்டு செல்லும் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்த சாம்பலைப் பற்றித்தான் மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று முறையிட்டார்கள். உயிருள்ள மண்ணொன்று மாடியில் ஒளி பெறுகையில், உயிருள்ள சேறொன்று ஆற்றில் மூச்சடைக்கிறது.

நம் ஆலயத்தின் திருவிழா விளக்கு வரிசையும் அதே கம்பியில்தான் எரிகிறது என்று அவன் சொல்லுமுன் நானே சொல்லிவிட்டேன். குற்றம் அவனுடையது மட்டுமன்று. ஆனால் "யாருக்கும் கெடுதல் இல்லை" என்ற சொல்லை அதன்பின் அவன் எடுக்கவில்லை.

ஏரியில் 'பாடு' என்ற பழைய முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் எவர் வலையிடுவது என்று ஊர் கூடி முறைவைத்துக் கொள்வது. அதிலும் குறையுண்டு, இருளருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. ஆயினும் 'என் வலை, என் விருப்பம்' என்று ஒருவரும் சொல்ல முடியாது என்பதே அதன் அடித்தளம். கொரிந்தியர் முதல் திருமுகம் எட்டாம் அதிகாரத்தில் பவுலடியாரும் இதே கரையில்தான் நிற்கிறார். சிலைகளுக்குப் படைத்த இறைச்சியில் தன்னளவில் தீட்டில்லை என்று அறிந்தவர்களின் அறிவை அவர் மறுக்கவில்லை. அந்த அறிவு, மனவலிமை குன்றிய சகோதரனை விழச்செய்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறார். குப்பத்தில் பதினாறு வயதில் படகுத்துறையில் நிற்கும் சிறுவர்களுக்கு, சென்னையில் படித்து உயர்ந்த இந்த அண்ணன்தான் முன்மாதிரி. அவனுடைய இயற்கை மண்ணையும் துணிப்பையையும் அவர்கள் காணப்போவதில்லை; அண்ணனும் இழுக்கிறான் என்பது மட்டுமே அவர்கள் காதில் விழும்.

பாஸ்கா வாரத்தில் ஒரு கூடை மண்ணை அவன் ஊருக்குக் கொணர்ந்தான். ஏரிக்கரைக்கு எதற்கடா மண் என்று அவன் தாய் கேட்டாளாம். உப்பேறிய மணலில் அவள் வீட்டருகே எதுவும் தளிர்த்ததில்லை. உடைந்த நண்டுக்கூடையில் கொட்டி அரைக்கீரை தூவியிருக்கிறாள். நான் போனபோது முளைத்திருந்தது. நகரத்து அறையில் மீதி மண் இன்னும் இருக்கிறது. நாள்தோறும் பணி முடிந்து வந்து அதன்முன் அரைமணி நேரம் அமர்ந்து நீர் தெளிப்பதாகச் சொன்னான்; அப்போது மட்டும் தலைக்குள் சத்தம் குறைகிறதாம். மருத்துவரிடம் போக நாள் குறித்திருக்கிறான். விளக்கை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.