உள்ளம் சோர்ந்த பிள்ளைகளும் நம் கடமையும்



மக்காவில் வஹீ வருவது சில காலம் நின்றிருந்தது. இறைவன் கைவிட்டு விட்டான் என்று விரோதிகள் ஏளனம் பேசினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருவுள்ளம் வாடியது. அவ்வேளையில்தான் 'வள்ளுஹா' சூரா இறங்கியது. அல்லாஹுத் தஆலா முதலில் ஆறுதல் தந்தான். அநாதையாக இருந்தபோது அடைக்கலம் தந்ததை நினைவூட்டினான். அதன் பிறகு அநாதையையும், கேட்டு வருபவரையும் பேணும் பொறுப்பைத் தந்தான். முதலில் ஆறுதல், பிறகு பொறுப்பு. இந்த வரிசையை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

ஏனெனில், நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தகப்பனார் ஷிப்டு வேலைக்குப் போய் வந்து அயர்ந்து படுக்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகனோ, மகளோ இரவெல்லாம் உறங்குவதில்லை, சோறு இறங்குவதில்லை, விரித்த புத்தகம் அதே பக்கத்தில் கிடக்கிறது. நாமோ, "உனக்கு ஈமான் போதாது" என்று சொல்லிவிடுகிறோம். யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தில் கண்பார்வையே இழந்தார்களே! அவர்களுக்கா ஈமான் குறைவு? அழுதார்கள், ஆயினும் அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்கவில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஸைத் அல்பல்கீ என்னும் முஸ்லிம் அறிஞர், காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் வரும் துயரம் வேறு என்று பிரித்து எழுதினார். உடலைப் போல் உள்ளமும் நோயுறும் என்றார்.

சென்ற நூற்றாண்டில் வியன்னா நகரின் யூத மருத்துவர் விக்டர் பிராங்கல், பள்ளியில் மதிப்பெண் அட்டை வழங்கும் நாட்களில் மனமொடியும் மாணவருக்கென ஆலோசனை ஏற்பாடு செய்தார். 1942 முதல் 1945 வரை நாஜிகளின் வதை முகாம்களில் வாடினார். தாய், தந்தை, மனைவியை இழந்தார். வாழ்வுக்கு ஒரு பொருள் உண்டென்று உணர்ந்தவன் துன்பத்தைத் தாங்குவான் என்பதே அவர் மருத்துவத்தின் அடிப்படை. செய்யும் பணி, கொள்ளும் அன்பு, தவிர்க்க முடியாத துன்பத்தை ஏற்கும் விதம் ஆகிய மூன்றிலும் அப்பொருள் கிடைக்கும் என்றார். பொறுமைக்கும் பணிவிடைக்கும் நற்கூலி உண்டென்று நம்பும் நமக்கு இது புதிய செய்தியா?

ஆகவே பெற்றோர்களே, முதலில் பிள்ளையின் பக்கத்தில் அமருங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு சிறு பொறுப்பொன்றைக் கொடுங்கள். பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுக்கட்டும். தம்பிக்கு ஓதச் சொல்லித் தரட்டும். தான் வேண்டப்பட்டவன் என்பதை அவன் உணரட்டும். தேர்வில் தவறினால் துணைத் தேர்வு உண்டு; போன உயிருக்கு ஈடு இல்லை.

வாட்டம் இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாக விரும்புவதாகப் பிள்ளை ஒரு சொல் சொன்னாலும் அன்றே செல்லுங்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற அரசுத் தொலைபேசியில் இரவு பகலாக இலவச ஆலோசனை உண்டு. நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத்; அது தவக்குலுக்கு விரோதமன்று.

கண்டலேறுவில் திறந்த நீர் நம் எல்லைக்கு வந்துசேரச் சில நாட்கள் ஆகின்றன. அதுவரை கால்வாய் வறண்டே தெரிகிறது, நீரோ வந்துகொண்டிருக்கிறது. உள்ளம் தேறுவதும் அப்படித்தான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கவலையையும் துக்கத்தையும் நீக்குவாயாக! அவர்களின் வாட்டத்தைக் கண்டுகொள்ளும் கண்களை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.