“சத்தியம் பண்ணுங்க டீச்சர்”

இடைவேளையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கும் ஆசிரியையின் மேசையருகே ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து நிற்கிறாள். “ஒண்ணு சொல்லணும் டீச்சர். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

பண்ணலாமா?

பண்ணினால்தான் அவள் வாய் திறப்பாள். உள்ளே என்ன இருக்கிறதென்று அப்போது யாருக்கும் தெரியாது. உறவுக்காரர் ஒருவர் அவளிடம் தகாதபடி நடந்துகொண்டார் என்பதாக இருந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் குறுக்கே நிற்கிறது. விஷயம் தெரிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ‘பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பெயர்’ என்று மேலே இருப்பவர்கள் தடுத்தாலும் அந்தக் கடமை நீங்காது. சட்டமும் அறமும் இங்கே ஒன்றையே சொல்கின்றன. ஆனால் அந்தப் பெண்ணுக்கு டீச்சர் சத்தியம் தவறியவர்.

சட்டம் எட்டிப்பார்க்காத இடங்களில்தான் சிக்கல் அதிகம். பக்கத்துத் தெருப் பையனுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி அவள் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெற்றவர்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பது ஆசிரியர் அறைகளில் அசையாத கொள்கை. நல்லெண்ணம்தான். ஆனால் பையன் வேறு சாதி என்றால், வீட்டுக்குப் போகும் ஒரு போன் அவள் படிப்பை நிறுத்திவிடும், அவசரமாக ஒரு கல்யாணத்தை முடித்துவைக்கும். அதைவிடக் கொடியதும் நடந்த மண் இது. போன் செய்தவரோ கடமை முடிந்த நிம்மதியில் அடுத்த பீரியடுக்குப் போய்விடுவார்.

அதற்காக மௌனமே நல்லது என்றும் ஆகாது. “செத்துடலாம்னு தோணுது” என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, “பரீட்சை பயம், நடிக்கிறா” என்று தள்ளுபவர் பெரும்பாலும் கொடுமைக்காரர் அல்ல. முப்பது வருஷம் பாடம் நடத்தியவராகவும் இருப்பார். அனுபவமும் சில நேரம் காதை அடைத்துவிடும். இந்தச் செய்தியை ஒரு மணி நேரம்கூட ரகசியமாக வைத்திருக்கக் கூடாது. வீட்டாரையும் மருத்துவரையும் உடனே அழைக்க வேண்டும். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் இரவிலும் எடுப்பார்கள்.

ஆக, தவறு சொல்வதிலோ மறைப்பதிலோ மட்டும் இல்லை. கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடும் சத்தியத்தில் இருக்கிறது. “உனக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லியே ஆகணும்மா. அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்” என்பதே நேர்மையான பதில். இதைக் கேட்டதும் சிலர் “ஒண்ணுமில்ல டீச்சர்” என்று திரும்பிப் போய்விடுவார்கள். அந்த நஷ்டம் சின்னதல்ல. மறுநாள் காலை அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவள் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்து, “சாப்பிட்டியா?” என்று கேட்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.