பொய் சொன்ன சிறுவனின் பார்வை

பொய் சொல்லும் குழந்தையைத் தண்டிக்கும் உரிமை யாருக்கு உண்டு? 1959இல் ஃபிரான்சுவா த்ரூஃபோ இயக்கிய, 'நானூறு அடிகள்' என்னும் பொருளில் பெயர் கொண்ட பிரெஞ்சுத் திரைப்படம் இக்கேள்வியை எழுப்புகிறது. பள்ளிக்கு வராத காரணத்தைக் கேட்ட ஆசிரியரிடம், தாய் இறந்துவிட்டதாகப் பொய் சொல்கிறான் பாரிசுச் சிறுவன் அந்துவான்; வகுப்பிலேயே தந்தையிடம் அறை வாங்குகிறான். ஆனால், அத்தாய் தெருவில் அந்நிய ஆடவனை முத்தமிட்டதைக் கண்டவனும் அவனே. அதைத் தந்தையிடம் அவன் சொல்லவில்லை. சிறியவனின் பொய்க்குத் தண்டனை. பெரியவரின் பொய்க்கோ அவனது மௌனமே போர்வை! பின்னர், திருடிய தட்டச்சுப் பொறியை விற்க இயலாமல் திருப்பி வைக்கச் சென்றபோது பிடிபடுகிறான். தந்தையே அவனைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார்.

ஒளிநாடாவாகவும் டிவிடியாகவும் இப்படம் வீடுகளுக்குள் வந்தது. விரும்பிய இடத்தில் நாம் நிறுத்திப் பார்க்கலாம். ஆனால், இறுதியில் இயக்குநரே படத்தை நிறுத்திவிடுகிறார்: சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பிக் கடலை அடைந்த சிறுவனின் முகம் அசைவற்று நம்மையே நோக்குகிறது. அரங்கில் கூட்டத்தின்மேல் விழுந்த அப்பார்வை, வீட்டிலோ பெற்றோர்மேல் நேராக விழுகிறது. அஞ்செட்டியிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் சென்று, உழைத்துக் களைத்துத் திரும்பும் பெற்றோரே, பொய் சொன்ன பிள்ளைமேல் கை ஓங்குமுன் உங்களையே கேளுங்கள்: உண்மையைச் சொல்ல இவ்வீட்டில் அவனுக்கு இடம் இருந்ததா?