கற்றுக்கொண்டது யாருக்குச் சொந்தம்?

தமிழில் 'பயிற்சியாளர்' என்ற சொல்லுக்கு ஒரு விசித்திரம் உண்டு. விளையாட்டுச் செய்திகளில் அது பயிற்சி கொடுப்பவரைக் குறிக்கும். ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பயிற்சி பெறுபவரையும் அதே சொல்லால் குறிப்பதுண்டு. தமிழாசிரியராக இருப்பதால் என் மாணவிகளிடம் 'கொடுப்பவரைப் பயிற்றுநர் என்று எழுதுங்கள், பெறுபவரைப் பயிலுநர் என்று எழுதுங்கள்' என்று திருத்திக்கொண்டே இருக்கிறேன். ஆனால் இது இலக்கணத்தோடு முடிகிற சிக்கல் இல்லை. பயிற்சி என்பது ஒருவர் தன் உடலையும் நேரத்தையும் இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் காரியம். இன்னும் ஒரு சுற்று ஓடு என்கிறார் ஒருவர். மூச்சு முட்டினாலும் மற்றவர் ஓடுகிறார். அப்படிப் பெற்ற திறமை கடைசியில் யாருக்குச் சொந்தம்? ஓடியவளுக்கா, ஓட வைத்தவருக்கா, அவள் பெயரால் பதக்கம் வாங்கிய நாட்டுக்கா?

இந்தக் கேள்வியை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு சாந்தி சௌந்தரராஜன் நினைவுக்கு வருகிறார். ஓட்டக்காரராக அவரை அறிந்தவர்கள் அதிகம். அவர் ஒரு பயிற்றுநர் என்பதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் 1981இல் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி. பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். அவருக்கு முதலில் ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. ஓட்டத்துக்கென்று முதல் ஜோடிக் காலணி வாங்கித் தந்தவரும் அவர்தான். 2005இல் தென்கொரியாவின் இன்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே தூரத்தில் மீண்டும் வெள்ளி. சில நாட்களில் எல்லாம் தலைகீழானது. பெண்தானா என்று பார்க்க ஒரு சோதனை நடத்தப்பட்டது; அதில் அவர் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் அந்தரங்க மருத்துவச் செய்தி, அவருடைய சம்மதத்தை யாரும் கேட்காமலே, உலகமெங்கும் ஊடகங்களில் ஓடியது.

அந்தச் சோதனையில் என்ன தெரிந்தது என்பதைப் பற்றி இங்கே நான் ஒரு வரியும் எழுதப் போவதில்லை. அது அவருடையது. நான் பேச வேண்டியது சோதித்தவர்களைப் பற்றி.

பெண்கள் பிரிவுக்கு ஓர் எல்லை வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. பெண்களுக்கென்று தனிக்களம் இல்லாவிட்டால் பெரும்பாலான பெண்கள் பார்வையாளர் வரிசையிலேயே நின்றுவிடுவார்கள். ஆனால் விளையாட்டு என்பதே உடல்களின் வேறுபாட்டைக் கொண்டாடுகிற இடம். கூடைப்பந்துப் பயிற்றுநர் ஒரு பள்ளிக்குப் போனால் முதலில் தேடுவது உயரமான பிள்ளையை. ஆறடிப் பெண்ணைப் பார்த்து 'இது மற்றவர்களுக்கு அநியாயம்' என்று யாரும் சொல்வதில்லை, வரம் என்கிறோம். எந்த வேறுபாடு வரம், எந்த வேறுபாடு குற்றம் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் விஷயம். ஆண்கள் பிரிவில் ஓடுகிறவனை நீ போதுமான ஆணா என்று யாரும் சோதித்ததில்லை. ஒடிசாவின் துத்தி சந்த் 2014இல் விலக்கப்பட்டபோது வழக்காடினார். 2015இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. 2006இல் கத்தக்குறிச்சிப் பெண்ணுக்கு அப்படி வழக்காட வழியோ துணையோ இருக்கவில்லை. இப்போதோ, 2025 செப்டம்பர் முதல், உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்பும் எல்லாப் பெண்களுக்கும் மரபணுச் சோதனை கட்டாயம் என்று உலகத் தடகள அமைப்பு விதித்திருக்கிறது. முன்பு சந்தேகப்பட்டவளைச் சோதித்தார்கள். இனி பெண்ணாக வந்து நிற்பதே சோதனைக்குக் காரணம்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுண்டு. சாந்தியை வருடக்கணக்கில் பயிற்றுவித்தபோது அந்த உடல் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. அதன் வேகம் மாவட்டத்துக்குச் சொந்தம், மாநிலத்துக்குச் சொந்தம், நாட்டுக்குச் சொந்தம். சந்தேகம் வந்த நிமிடத்தில் அது அவருக்கு மட்டும் சொந்தமாகிவிட்டது. வெற்றிக்குப் பல உரிமையாளர்கள். அவமானத்துக்கு ஒரே உரிமையாளர்.

அவர் அதற்குப் பிறகு செய்ததுதான் அவரை என் சிந்தனைக்குள் நிறுத்தியது. பதக்கம் பறிபோனபோதும் அன்றைய முதல்வர் கருணாநிதி அறிவித்த 15 லட்ச ரூபாயைத் தமிழ்நாடு அரசு அவருக்குக் கொடுத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தொடங்கினார். கையில் பட்டயம் இல்லை, மைதானம் சொந்தமில்லை. 2009 வாக்கில் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவரிடம் ஓடிக்கொண்டிருந்தார்கள். சென்னை மாரத்தானில் அவருடைய மாணவர்கள் முதலிடமும் மூன்றாமிடமும் பெற்றார்கள். 'நீ ஓடத் தகுதியில்லாதவள்' என்று சொல்லப்பட்ட ஒருவர், அந்த ஓட்டத்தை மற்றவர்களின் கால்களுக்கு மாற்றிக் கொடுத்தார். பதக்கத்தைப் பறிக்க முடிந்தவர்களால் இதைப் பறிக்க முடியவில்லை. எங்கே அடி எடுத்து வைக்க வேண்டும், கடைசி 200 மீட்டருக்கு எவ்வளவு மூச்சை மிச்சம் வைக்க வேண்டும் என்கிற அறிவு அவருக்குள் இருந்தது. தாத்தா கொடுத்தது, அவர் வழியாக அடுத்த வரிசைக்குப் போனது.

பணம் தீர்ந்தது, பயிற்சி நின்றது. 2012இல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்த செய்தி வந்தது. அதன்பிறகே அரசுகள் விழித்துக்கொண்டன. பெங்களூரில் பயிற்றுநர் பட்டயம் படித்தார். தோஹா நடந்து பத்தாண்டுகள் ஆன பிறகு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் அவருக்கு நிரந்தரப் பயிற்றுநர் வேலை கிடைத்தது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் தன் காயத்தைத் தொண்டாக மாற்றினால் நம் சமூகத்துக்கு ரொம்பப் பிடிக்கும். 'பாருங்கள், என்ன பொறுமை, என்ன தியாகம்' என்று மேடை போட்டுப் பேசலாம். காயப்படுத்தியவர்களைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கலாம். சாந்தி பயிற்றுநர் ஆனது அவருடைய சாதனை. அதை அவருக்குக் கிடைத்த நீதி என்று சொன்னால் அது பொய். வேலை என்பது வேலை. பதக்கம் என்பது பதக்கம். அவர் தன் பதக்கத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருப்பது, கொடுக்கத் தெரிந்தவளுக்குக் கேட்கவும் தெரியும் என்பதைக் காட்டுகிறது. அவருடைய கொடுத்தலைப் பாராட்டுகிறவர்கள் அவருடைய கேட்டலுக்கும் காது கொடுக்க வேண்டும்.

பயிற்றுநராகப் பெண் நிற்பது எல்லா நாட்டிலும் கடினமாகத்தான் இருந்திருக்கிறது. அமெரிக்காவின் பேட் சம்மிட் 1974இல் 22 வயதில் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்றுநர் ஆனார். மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் சீருடைகளைத் துவைத்ததும் வண்டி ஓட்டியதும் அவர்தான். 38 பருவங்களில் 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள். எனக்கு அந்த எண்களைவிடப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று: அவரிடம் முழுக்காலம் ஆடி முடித்த ஒவ்வொரு பெண்ணும் பட்டம் பெற்றே வெளியேறினார். பந்து கையை விட்டுப் போன பிறகும் அந்தப் பெண்ணிடம் ஏதாவது மிச்சமிருக்க வேண்டும் என்று பயிற்சியின் எல்லையை அவர் விரித்தார்.

அதே நாட்டில் ஒரு கசப்பும் உண்டு. கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரும் சட்டம் 1972இல் வந்தபோது, கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பெண் பயிற்றுநர்களிடம் இருந்தன. சட்டத்தால் நிதி வந்தது, சம்பளம் வந்தது, ஆண்களும் வந்தார்கள். நாற்பது ஆண்டுகளில் பெண் பயிற்றுநர்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. ஆடுகிற பெண்கள் பல மடங்கு பெருகினார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் பெண்கள் சுருங்கினார்கள். கற்க விடுவது ஒன்று, கற்பிக்க விடுவது வேறு. முதலாவதை எளிதில் கொடுத்துவிடுகிறார்கள். ஏனென்றால் இரண்டாவதில்தான் அதிகாரம் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு அமெரிக்கா தேவைப்படவில்லை. திருப்பூரே போதும். இந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமைக் கதையே ஒரு பயிற்சிக் கதைதான். பனியன் கம்பெனிக்கு உதவியாளாக வந்த பையன் டெய்லர் ஆனான், பிறகு கான்ட்ராக்டர், பிறகு முதலாளி. காட்டு வேலையிலிருந்து வந்து கம்பெனி வைத்தவர்கள் இங்கே உண்மையிலேயே நிறையப் பேர். அந்த ஏணி பொய்யில்லை. அதில் ஏறிய பெண்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கைமடிக்க வந்தவள் கைமடித்துக்கொண்டே இருக்கிறாள். பிசிறு வெட்ட வந்தவள் பார்வை மங்கும்வரை பிசிறு வெட்டுகிறாள். புதிதாக வருகிற பெண்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் அக்காதான். அதற்குச் சம்பளமும் கிடையாது, பதவியும் கிடையாது. கட்டிங் மாஸ்டர் உண்டு, டிரில் மாஸ்டர் உண்டு. மாஸ்டர் என்ற சொல்லுக்கு நம் ஊரில் பெண்பால் வரவே இல்லை.

இன்னும் கொடுமை, மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்தது. பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். அறுந்த இழையைப் பிணைக்கக் கற்றுக்கொள்ள மூன்றாண்டுகள் வேண்டாம். ஆனாலும் அவர்கள் பயிலுநர்கள் என்றே அழைக்கப்பட்டார்கள். பயிலுநருக்கு முழுக்கூலி கொடுக்க வேண்டியதில்லையே. கற்றல் என்ற நல்ல சொல்லை வைத்துக் கூலியைக் குறைக்கலாம் என்பதை அந்த ஆலைகள் கண்டுபிடித்திருந்தன.

என் வகுப்பில் ஒரு மாணவி ஞாயிற்றுக்கிழமைகளில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். சாந்தியைப் பற்றிப் பேசிய அன்று, வகுப்பு முடிந்து வந்து நின்றாள்.

"நானும் எட்டாவது வரைக்கும் ஓடுனேன் மேடம். வயசுக்கு வந்ததும் வீட்ல நிறுத்திட்டாங்க."

"இப்ப ஓடணும்னு தோணுதா?"

"ஓடறதுக்கு இல்ல மேடம். சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரலாம்னு தோணுது. எப்படி ஸ்டார்ட் எடுக்கணும்னு இன்னும் மறக்கல."

அவளுடைய ஓட்டத்தை நிறுத்தியவர்கள் அவளை ஓடக்கூடாது என்று சொல்ல முடிந்தது. மறந்துவிடு என்று சொல்ல முடியவில்லை.

சாந்தியின் அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், பள்ளி வாசலை மிதிக்காதவர்கள். கற்றுக்கொண்டவள் அடுத்தவளுக்குப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சரியான தருணத்தில் கையை விட்டாள். பயிற்சிக்கு அதைவிட நல்ல இலக்கணத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. பிடித்திருப்பது விடுவதற்காக. விட்ட பிறகு சைக்கிள் போகும் திசையை ஓட்டுகிறவள் தீர்மானிக்கிறாள். விழுந்தால் பிடித்தவள் ஓடிப்போய்த் தூக்குகிறாள், 'நீ சைக்கிள் ஓட்டும் ஜாதி இல்லை' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவதில்லை.

எனவே ஒரு பயிற்சி நியாயமானதா என்று அறிய நான் சில கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். கற்றவள் அதை எடுத்துக்கொண்டு வெளியே போக முடியுமா? கற்றதை அவள் இன்னொருத்திக்குக் கற்பிக்க விடுகிறார்களா, அதற்குப் பெயரும் கூலியும் உண்டா? அவள் உடல் சந்தேகத்துக்கு ஆளாகும் நாளில், அதுவரை அதன் வேகத்துக்கு உரிமை கொண்டாடியவர்கள் அவள் பக்கத்தில் நிற்பார்களா? தோஹாவில் இந்தக் கடைசிக் கேள்விக்கு நம் நாட்டு விளையாட்டு அதிகாரம் சொன்ன பதில் இல்லை என்பதுதான். மைதானங்களிலும் ஆலைகளிலும் இந்தக் கேள்விகளை உரக்கக் கேட்கும் பெண்கள் பெருகும்போதுதான், பயிற்சியாளர் என்ற சொல் இரண்டு பொருளையும் கூச்சமில்லாமல் தாங்கும்: இன்று கற்கிறவள், நாளை கற்பிக்கப் போகிறவள்.