ஆள் கணக்கும் கூலிக் கணக்கும்

லண்டன் ஃபேஷன் வீக்கை வெறும் பகட்டு என்று யாராவது குறை சொன்னால் பிரிட்டிஷ் ஆடைத் துறையிடம் பதில் தயாராக இருக்கும். 2017-இல் நாட்டின் மொத்த உற்பத்திக்கு அத்துறை நேரடியாகத் தந்தது சுமார் 3,200 கோடி பவுண்டு; அதைச் சார்ந்த வேலைகள் ஏறத்தாழ 8,90,000. 1984 முதல் நடக்கும் அந்த விழாவுக்கு 2018 பிப்ரவரியில் எலிசபெத் ராணியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அந்தப் பதிலில் பொய் இல்லை. சில நிமிட அணிவகுப்புக்குப் பின்னால் துணி வெட்டுபவர், தைப்பவர், படம் எடுப்பவர், டாக்சி ஓட்டுபவர் என்று எத்தனையோ பேரின் பிழைப்பு இருக்கிறது. தொழில் பகட்டாகத் தெரிகிறது என்பதற்காக அதை இளக்காரமாகப் பேசுவது அவர்களையும் சேர்த்து இளக்காரம் செய்வதுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 8,90,000 பேரில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துத் தையல்காரர்களும் அடக்கம். 2020-இல் இருபத்தைந்து வயது நிறைந்தவருக்குச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.72 பவுண்டு. மலிவு விலை ஆடை விற்கும் பூஹூ நிறுவனத்துக்கு அங்கே துணி தைத்த சில யூனிட்டுகளில் 3.50 பவுண்டுதான் தருகிறார்கள் என்று அந்தக் கோடையில் செய்தி வந்தது. வழக்கறிஞர் அலிசன் லெவிட் விசாரித்து, குற்றச்சாட்டுகள் பெருமளவு உண்மையே என்றார். இப்படிப்பட்ட இடங்களில் ஏமாற்று நடக்கும் விதம் எளிது. சம்பளச் சீட்டில் கூலி சட்டப்படியே இருக்கும். வேலை செய்த மணிநேரம்தான் குறைத்துக் காட்டப்பட்டிருக்கும். கேட்டால் பிராண்டு சப்ளையரைக் காட்டும், சப்ளையர் துணை ஒப்பந்தக்காரரைக் காட்டுவார்.

துறையின் பெருமை பேசும்போது அந்தத் தையல்காரர் ‘நம் தொழிலாளி’. கூலி பாக்கி என்றால் வேறு யாரோ வைத்த ஆள். இரண்டையும் ஒருசேரச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. மலிவு விலை ஆடைக்கும் மேடை ஏறும் ஆடைக்கும் என்ன சம்பந்தம் என்று வடிவமைப்பாளர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அந்தப் பெரிய எண்ணைச் சொல்லும்போது இரண்டையும் கூட்டித்தானே சொல்கிறார்கள்?

கண்டனத்துக்கும் ஒரு விலை உண்டு. விவகாரம் வெடித்தபின் ஆர்டர்கள் லெஸ்டரை விட்டுப் போயின. பல யூனிட்டுகள் மூடப்பட்டன. குறைந்த கூலி வாங்கியவர்களுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று. இதையும் நீதி என்று சொல்ல முடியுமா? ஆர்டரை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போவது பிராண்டின் பெயரைக் காப்பாற்றும், தைத்தவரைக் காப்பாற்றாது. அங்கேயே இருந்து, சட்டக் கூலி கட்டுப்படியாகும் விலையைக் கொடுப்பதே கடினமான வழி, சரியான வழியும்கூட.

மேடையின் வழக்கத்தை மாற்ற முடியாமல் இல்லை. 2018 செப்டம்பரில் லண்டன் மேடையில் விலங்கு ரோம ஆடைகளே இல்லை. கோபன்ஹேகன் விழா 2023 முதல் பங்கேற்பவர்களுக்கு விதித்துள்ள குறைந்தபட்ச நிபந்தனைகளில் தொழிலாளர் நலனும் உண்டு. அதே நிபந்தனையை லண்டனில் பங்கேற்கும் எல்லோருக்கும் விதித்தால், நாலைந்து பேரை வைத்து நடத்தும் இளம் வடிவமைப்பாளரால் தணிக்கைச் செலவைத் தாங்க முடியாது என்பது உண்மை. அந்தச் செலவை, 8,90,000 என்ற எண்ணால் அதிகம் ஆதாயம் அடையும் பெரிய நிறுவனங்கள் ஏற்கட்டும்.