பாடகர் பேசலாமா?

பாட வந்தவர் பாடிவிட்டுப் போக வேண்டியதுதானே, ஊர் விவகாரம் அவருக்கு எதற்கு? 2024 மார்ச்சில் சென்னை மியூசிக் அகாதெமி கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி விருதை அறிவித்த நாள்முதல் இந்தக் கேள்வி ஓயவில்லை. சுருதியோ தாளமோ அங்கே வழக்காக இருக்கவில்லை. தியாகராஜரையும் எம்.எஸ். சுப்புலட்சுமியையும் பற்றி அவர் சொன்னவையும், பெரியாரைப் போற்றியதும்தான் குற்றங்களாக அடுக்கப்பட்டன. கலைஞர்கள் சிலர் அகாதெமியின் அவ்வாண்டு மாநாட்டிலிருந்து விலகினர். கலாநிதி பெறுபவருக்கு வழங்கப்பட்டுவந்த எம்.எஸ். பெயரிலான பண விருது குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2025 ஜனவரி 1 அன்று கலாநிதிப் பட்டம் அவர் கைக்கு வந்தது. கேள்வி மட்டும் தீரவில்லை.

விடையைத் தயங்காமல் சொல்லிவிடலாம். அன்றாட வாழ்வையும் சமூகத்தையும் இயற்கையையும் பற்றித் தன் மனத்தில் பட்டதைச் சொல்வது கலைஞரின் உரிமை. இன்னும் சரியாகச் சொன்னால், கடமை. அதற்காக அவரைத் தண்டிக்க முனைவது அறமாகாது.

நம் மரபே இதற்குச் சாட்சி. மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட முற்பட்ட சோழன் கிள்ளிவளவனைத் தடுத்தவர் கோவூர்கிழார் என்னும் புலவர். வரி வாங்கும் முறை தெரியாத அரசன், வயலில் புகுந்த யானையைப் போல நாட்டையே பாழாக்குவான் என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்கு எடுத்துரைத்தவர் பிசிராந்தையார். மனைவியைத் துறந்திருந்த பேகனிடம் கபிலரும் பரணரும் சென்று வாதாடினார்கள். உமக்கு யாப்புத்தானே தொழில் என்று அவர்களை யாரும் வாயடைக்கவில்லை. வேம்பைப்போல முதலில் கசந்து பின்னர் நன்மை தரும் சொல்லுக்கு வாயுறை வாழ்த்து என்று பெயரிட்டு, அதைச் செய்யுள் இலக்கணத்திலேயே சேர்த்தார் தொல்காப்பியர். இடித்துச் சொல்பவர் இல்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் வாக்கு. அரசனுக்குச் சொன்னது சபைக்கும் பொருந்தும், சமூகத்துக்கும் பொருந்தும்.

இயற்கையைப் பேசுவதும் இந்த மரபின் பகுதிதான். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்த இலக்கணம் நம்முடையது. விதையிட்டு வளர்த்த புன்னை மரத்தை உடன்பிறந்தவளாக எண்ணி, அதன் நிழலில் காதலனோடு பேசக் கூசுகிற பெண்ணை நற்றிணையில் காண்கிறோம். அந்தப் பாட்டின் கடலோர நெய்தல் நிலம் இன்று எப்படி இருக்கிறது? சென்னையை அடுத்த எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. 2017 தொடக்கத்தில் கிருஷ்ணா அங்கேயே அமர்ந்து, கபேர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாடலை ஆனந்தபைரவி, பேகடா, சிந்துபைரவி முதலான ராகங்களில் பாடினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு அதே கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் அப்பியது. அதற்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்கு முன்பே கச்சேரி ராகங்களில் அந்த மண்ணின் துயரத்தைச் சொன்னவரை, சங்கீதத்தை விட்டு விலகிப்போனவர் என்று எப்படிக் குறை கூறுவது?

சங்கீதத்துக்கு உள்ளேயே பேசப்படாதவை எத்தனை! மேடையில் மிருதங்கம் முழங்குகிறது. தட்டப்படும் முகமாகிய அதன் மூட்டில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் உண்டு. இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல். தோலைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்து, மூட்டு அடித்து, வார் பிடித்து, கருஞ்சாந்துக் கரணை இட்டு நாதத்தை உண்டாக்கித் தருபவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வாசிப்பவர் பெயரை ரசிகர்கள் அறிவார்கள். செய்தவர் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்? அவர்கள் வாழ்வைத்தான் 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் கிருஷ்ணா எழுதினார். அரசியல் சாயல் இருப்பதாகச் சொல்லி, வெளியீட்டு விழாவுக்குத் தந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. உழைத்தவர் பெயரை உரைப்பது அரசியல் என்றால், மறைப்பதும் அரசியல்தானே?

மறுதரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. போற்றி வணங்கும் பெரியோரைப் பற்றிக் கடுஞ்சொல் கேட்டால் மனம் புண்படும். மனம் ஒப்பாத மேடையிலிருந்து விலகும் உரிமையும் எவருக்கும் உண்டு. புகழ் இருப்பதாலேயே ஒருவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. ஆனால் சொல்லில் பிழை இருந்தால் அதைச் சொல்லால் மறுக்க வேண்டும். பட்டத்தைப் பறி, மேடையைப் பறி என்று கேட்பது மறுப்பாகாது, அது வாய்ப்பூட்டு.

மௌனமாக இருப்பது கலைக்குத் தூய்மை சேர்க்காது. கண்ணெதிரே ஆறு சாகும்போதும், உடன் உழைப்பவர் பெயரற்றுப் போகும்போதும் பேசாதிருப்பது அநீதிக்குத் துணைபோவதே. ஆகவே கலைஞர்களே, கண்டதைச் சொல்லுங்கள், கற்றறிந்து சொல்லுங்கள், சொன்னதற்குப் பொறுப்பேற்று நில்லுங்கள். ரசிகர்களே, பாட்டைப் பாட்டாக எடை போடுங்கள். கருத்தைக் கருத்தால் எதிர்கொள்ளுங்கள். சபைகளே, வசைக்கு அஞ்சி விருதை மறுக்காதீர்கள், வசவுக்குப் பயந்து கதவை மூடாதீர்கள். இடித்துரைக்கும் குரலுக்கு இடம் தராத சமூகத்தில் புகழ்ச்சி மட்டுமே மிஞ்சும். புகழ்ச்சியைக் கொண்டு எந்தக் கலையும் வளர்ந்ததில்லை.