இடது காலும் இரு துடுப்புகளும்

நெடுநாள் பழகிய வேலை கையைவிட்டுப் போகும்போது மனிதருக்கு உண்டாகும் தடுமாற்றத்தை, தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் கார் தெளிவாகக் காட்டுகிறது. இருபது, முப்பது ஆண்டுகள் கிளட்சை மிதித்தும் கியர்க் கம்பியைத் தள்ளியும் ஓட்டிய ஒருவர், 'ஆட்டோமேட்டிக்' எனப்படும் அவ்வகைக் காரை வாங்கியதும், தம் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது என்றே முதலில் எண்ணுகிறார். ஓரிரு வாரங்களுக்குள் அந்த வேலை இருந்த இடத்தில் ஒரு கேள்வி வந்து அமர்ந்திருப்பதை உணர்கிறார். ஒரு பொறுப்பை ஒப்படைத்த பிறகு, எப்போது அதன் போக்கில் விடுவது, எப்போது குறுக்கிடுவது என்பதே அக்கேள்வி. ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்புறம், விரல் எட்டும் தொலைவில், 'பேடில் ஷிஃப்டர்' என்ற பெயரில் பொருத்தப்பட்டிருக்கும் இரண்டு சிறு துடுப்புகள் அக்கேள்வியை ஒவ்வொரு பயணத்திலும் ஓட்டுநரின் விரல்நுனியில் வைத்திருக்கின்றன.

எஞ்சின் குறிப்பிட்ட சுழல்வேக எல்லைக்குள் மட்டுமே நன்றாக உழைக்கும். சக்கரங்களோ நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலும் ஓடவேண்டியவை. இவ்விரண்டையும் இசைவிக்கும் பல்சக்கரத் தொகுதியே கியர்பெட்டி. கியர் மாறும் கணத்தில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் பிரித்துச் சேர்க்கும் உறுப்பே கிளட்ச். இந்தப் பிரித்தலையும் சேர்த்தலையும் ஓட்டுநரின் காலிடமிருந்து முழுவதுமாக எடுத்துக்கொண்டு, பெருமளவில் உற்பத்திக்கு வந்த முதல் ஏற்பாடு, 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939இல் அறிமுகப்படுத்திய 'ஹைட்ராமேட்டிக்' கியர்பெட்டியாகும். அதன்பின் இத்தொழில்நுட்பம் பல கிளைகளாகப் பிரிந்தது. 'டார்க் கன்வர்ட்டர்' வகையில், எண்ணெய் நிறைந்த கூட்டுக்குள் எதிரெதிரே நிற்கும் இரு சுழலிகளில் ஒன்று தள்ளும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றுகிறது. ஓடும் மின்விசிறியின் காற்று, எதிரே மின்சாரமின்றி நிற்கும் விசிறியை மெல்லச் சுழற்றுவதோடு இதனை ஒப்பிடலாம். 'சி.வி.டி.' வகையில், அகலம் மாறும் இரு கப்பிகளுக்கிடையே ஓடும் பட்டை, படிகளே இல்லாத கியரைத் தருகிறது. 'டி.சி.டி.' வகையில் ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒன்றும் இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒன்றுமாக இரண்டு கிளட்சுகள் உண்டு. 'ஏ.எம்.டி.' வகையிலோ பழைய கியர்பெட்டியும் பழைய கிளட்சும் அப்படியே இருக்க, மின்னணுக் கட்டளைக்கேற்ப ஒரு கருவி அவற்றை இயக்குகிறது; 2014இல் மாருதி செலேரியோ கார் வழியாக இந்தக் கடைசி வகை இந்தியாவுக்கு வந்த பிறகு, ஆட்டோமேட்டிக் கார் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கும் எட்டத் தொடங்கியது.

வகை எதுவாயினும், புதிதாக மாறுபவர் முதலில் எதிர்கொள்ளும் தடை அவருடைய இடது காலே. கிளட்ச் மிதியைத் தரைவரை ஒரே மூச்சில் அழுத்தப் பழகிய கால் அது. மென்மையாக மிதிக்கும் பயிற்சி அதற்கு ஒருநாளும் இருந்ததில்லை. போக்குவரத்து விளக்கு சிவப்பாக மாறியதும் அந்தக் கால் பழைய வேகத்தோடு கிளட்சைத் தேடிப் போகிறது. கிளட்ச் இருந்த பக்கமாக அகன்று நிற்கும் பிரேக் மிதியைத் தொட்டுவிட்டால், பிரேக்கைக் கிளட்சென்று எண்ணித் தரைவரை அழுத்திவிடுகிறது. கார் குத்திட்டு நிற்கிறது, சீட் பெல்ட் மார்பில் இறுகுகிறது, பின்னால் வந்தவர் ஹாரனை அலறவிடுகிறார். ஓட்டுநருக்குக் கிளட்ச் இல்லை என்பது நன்றாகத் தெரியும். அவருடைய காலுக்கு அது இன்னும் தெரியவில்லை. ஆகவே ஆட்டோமேட்டிக் காரைக் கற்பிப்போர் முதல் பாடமாக, இடது காலை அதற்கென உள்ள ஓய்வு மேடையில் ஊன்றி, வலது காலொன்றாலேயே இரு மிதிகளையும் கையாளச் சொல்கின்றனர். செய்யத் தெரிந்த ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை, ஓய்வெடுக்கப் பணிக்கப்பட்ட அந்தக் கால் உணர்த்துகிறது.

தெரிதல் என்பது மூளையில் மட்டும் நிகழ்வதன்று என்னும் கருத்தை, பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-போந்தி 1945இல் வெளியிட்ட புலனறிவு பற்றிய தம் பெருநூலில் விரிவாக ஆராய்ந்தார். வண்டியோட்டப் பழகியவர், குறுகிய வழியின் அகலத்தையும் காரின் அகலத்தையும் ஒப்பிட்டுப் பாராமலே நுழைய முடியும் என்று அறிகிறார் என்றும், பார்வையற்றவரின் கைத்தடி அவருக்கு வெளிப்பொருளாக இல்லாமல் உணரும் உடலின் நீட்சியாகிவிடுகிறது என்றும் அவர் விளக்கினார். இவ்வழியே நோக்கினால், புதிய காரைப் பழகுவது என்பது ஒரு கருவியின் இயக்கமுறையை அறிவதோடு முடிந்துவிடாது. ஓட்டுநர் தம் உடலின் எல்லைகளை மறுபடி வரைந்துகொள்கிறார். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததுமே ஆக்சிலரேட்டரைத் தொடாமலே கார் ஊர்ந்து நகரும் இயல்பு முதல் நாளில் அச்சமூட்டுகிறது; சில வாரங்கள் சென்றபின், நெரிசலில் அதே இயல்பைக்கொண்டு ஓட்டுநர் வண்டியை அடியடியாக நகர்த்திச் செல்கிறார். அப்போது இடது கால் தேடலை நிறுத்திவிட்டிருக்கிறது, ஆனால் அது எந்த நாளில் நின்றது என்பதை அவரால் சொல்ல முடிவதில்லை.

துடுப்புகளின் கதை பந்தயக் களத்தில் தொடங்குகிறது. பொறியியலாளர் ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640 என்னும் ஃபார்முலா ஒன் கார், கியரை மாற்ற ஸ்டீயரிங்கின் பின்னால் துடுப்புகளைக் கொண்டு 1989 மார்ச் மாதம் பிரேசில் பந்தயத்தில் இறங்கியது. நைஜல் மான்செல் அந்த முதல் பந்தயத்திலேயே அதனை வெற்றிக்கு ஓட்டினார். அந்தப் பருவத்தின் பிற பந்தயங்களில் அக்கார் பலமுறை பாதி வழியில் நின்றுபோனபோதிலும், ஸ்டீயரிங்கைவிட்டுக் கையை எடுக்காமலே கியர் மாற்ற முடிவதன் பயனை உணர்ந்த மற்ற அணிகளும் சில ஆண்டுகளில் அவ்வழிக்கு வந்தன. 1997இல் ஃபெராரி எஃப்355 வழியாகச் சாலைக் காருக்கு வந்த அந்த ஏற்பாடு, பின்னர் குடும்பக் கார்களையும் அடைந்தது. பெரும்பாலான கார்களில் வலத்துடுப்பு கியரை உயர்த்தும் '+' குறியையும், இடத்துடுப்பு கியரைத் தாழ்த்தும் '−' குறியையும் தாங்கி நிற்கின்றன.

பந்தய வீரரின் துடுப்புக்கும் குடும்பக் காரின் துடுப்புக்கும் ஓர் ஆழமான வேறுபாடு உண்டு. பந்தய வீரருக்குக் கியரைத் தேர்வது ஒவ்வொரு வளைவிலும் கடமை. குடும்பக் காரில் கியர்பெட்டி அவ்வேலையைத் தானே செய்துகொண்டிருக்க, ஓட்டுநர் விரும்பினால் மட்டும் குறுக்கிடலாம். அக்குறுக்கீடும் கட்டளையாக அமைவதில்லை. துடுப்பை இழுத்ததும் ஒரு மின்குறிப்பு கியர்பெட்டியை ஆளும் கணினிக்குச் செல்கிறது. அக்கணினி வேகத்தையும் எஞ்சினின் சுழற்சியையும் பார்த்து, கேட்டதைக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்கிறது. நெடுஞ்சாலையில் விரைந்து செல்கையில் ஒருவர் இடத்துடுப்பை அடுத்தடுத்து இழுத்து இரண்டாம் கியரைக் கேட்டால், எஞ்சின் தாங்கும் எல்லையைத் தாண்டிச் சுழல நேரும் என்பதால் அது மறுத்துவிடுகிறது. ஆகவே துடுப்பு ஒரு விண்ணப்பம். கியர்க் கம்பியின்மீது முழு அதிகாரம் செலுத்திப் பழகிய கைக்கு இம்மறுப்பு முதலில் சற்றே வலிக்கத்தான் செய்கிறது. தவறான கேள்விக்கு மறுப்பே நல்ல விடை என்பது பின்னர்ப் புரிகிறது.

அந்த விண்ணப்பம் உண்மையில் எங்கே தேவைப்படுகிறது என்பதை மலைச்சாலை காட்டுகிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 என்று எண்ணிட்டுச் சொல்லப்படும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வேலையைக் கியர்பெட்டி பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும். இறங்குவது வேறு கதை. 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடுபடும் ஆற்றல், ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இறக்கம் முழுவதும் பிரேக்கையே மிதித்துச் சென்றால், அவ்வாற்றலின் பெரும்பகுதி வெப்பமாகி நான்கு சக்கரங்களின் பிரேக்குகளில்தான் ஏறவேண்டும். சூடேறிய பிரேக் பட்டைகள் பிடிப்பை இழக்கின்றன. வெப்பம் பிரேக் திரவத்தை எட்டி அதனைக் கொதிக்கவைத்தால், குழாயில் தோன்றும் ஆவிக் குமிழிகள் மிதியின் அழுத்தத்தை விழுங்கிவிட, மிதி கெட்டித்தன்மையின்றித் தரைவரை அமிழ்கிறது. இதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதை மலைப்பாதை ஓட்டுநர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவருகின்றனர். தாழ்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றவேண்டிய நிலை ஏற்பட்டு, எஞ்சினின் எதிர்ப்பு காரைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. 'எஞ்சின் பிரேக்கிங்' என்பது இதுவே. அவ்வேளையில் இக்கால எஞ்சின்கள் எரிபொருளை அறவே நிறுத்திவிடுவதால், சிக்கனம் கருதி நியூட்ரலில் உருட்டி இறக்கும் ஆபத்தான பழக்கத்திற்கு அந்தச் சிக்கனக் காரணமும் இல்லாமற்போகிறது.

இறக்கத்தில் ஒரு வளைவை அணுகும் ஓட்டுநரின் கைகளை அருகிலிருந்து நோக்கினால் மற்றொரு நுட்பம் புலப்படும். வளைவின் எண் எழுதிய பலகை கண்ணில் பட்டதும் அவர் காலைத் தளர்த்தி, பிரேக்கை ஒருமுறை அளவாக மிதித்து, இடத்துடுப்பை விரலால் இழுக்கிறார். அரை மூச்சு இடைவெளி. முகப்பில் 3 என்ற எண் 2 ஆகிறது. எஞ்சினின் ஒலி ஒரு படி உயர்கிறது. தோள்கள் மெல்ல முன்னே சாய, கார் தன்னைத் தானே பிடித்துக்கொண்டதுபோல் இறங்குகிறது. இவை அனைத்தும் ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். பெரும்பாலான கார்களில் துடுப்புகள் ஸ்டீயரிங்கோடு சேர்ந்தே சுழல்வதால், வளைவின் நடுவில் சக்கரம் பாதிச் சுற்றுத் திரும்பிய நிலையில் இடத்துடுப்பு வலப்பக்கம் போயிருக்கும். அப்போது பதறித் தேடும் விரல் தவறான துடுப்பை இழுக்கக்கூடும். வளைவுக்கு முன்பே இழுக்காதவர் வளைவில் இழுக்காமலிருப்பதே நலம்.

இங்கேதான் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை கிடைக்கிறது. கியர்பெட்டியின் கணினி தன் அறிவெல்லைக்குள் மனிதரைவிடத் தேர்ந்தது. வேகம், சுமை, மிதியின் அழுத்தம் ஆகியவற்றை இடைவிடாது அளந்து முடிவெடுக்கிறது. சரிவை உணர்ந்து தானே கியரைத் தாழ்த்தும் கார்களும் உண்டு. செயற்கைக்கோள் வழி இடமறிந்து, முன்னேயுள்ள வளைவுக்கேற்பக் கியரைத் தேரும் ஏற்பாடும் 2013இல் ரோல்ஸ்-ராய்ஸ் ரெய்த் காரில் வந்துவிட்டது. ஆயினும் வளைவின் மறுபுறம் ஏறிவரும் பேருந்தின் ஹாரன் ஒலியோ, சாலையோரம் நிற்கும் வரையாட்டின் தயக்கமோ கியர்பெட்டிக்கு எட்டுவதில்லை. அது பெரும்பாலும் நடந்ததையும் நடப்பதையுமே அறிகிறது. வரவிருப்பதை ஓட்டுநர் காண்கிறார். தலையிடும் உரிமை இந்த முன்னோக்கிலிருந்தே பிறக்கிறது. கார் காணாத ஒன்றை ஓட்டுநர் கண்டிருந்தால் அவர் துடுப்பை இழுப்பது நியாயம். கை சும்மா இருக்க மறுக்கிறது என்பதற்காக இழுத்தால், அவர் விரலால் செய்வதும் இடது காலின் பழைய உதைதான்.

தலையீட்டுக்கு ஒரு முடிவு உண்டு என்பதையும் துடுப்பு கற்பிக்கிறது. கியர்த் தேர்வி, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் 'டி' நிலையில் இருக்கும்போது துடுப்பை இழுத்தால், பல கார்களில் அத்தேர்வு தற்காலிகமானதே. சாலை சமனாகி ஓட்டம் சீரானதும், கியர்பெட்டி பொறுப்பைத் தானே திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதே வேளையில், ஒருபோதும் துடுப்பைத் தொடாதிருப்பதும் தீர்வாகாது. உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ், தானியக்கத்தின் முரண்களைப் பற்றி 1983இல் வெளியிட்ட கட்டுரையில், எளிய வேலைகளை இயந்திரம் ஏற்றுக்கொள்ள, கடினமானவை மட்டுமே மனிதருக்கு எஞ்சுகின்றன என்றும், பழக்கமின்மையால் அவருடைய திறன் தேய்ந்திருக்கும் தருணத்தில்தான் அவை அவரிடம் வந்து சேர்கின்றன என்றும் சுட்டிக்காட்டினார். சமவெளியில் ஆண்டு முழுவதும் 'டி' நிலையிலேயே ஓட்டியவர், மலையிறக்கத்தில் முதன்முறையாகத் துடுப்பைத் தேடுவது அவர் சொன்ன நிலையே. ஆகவே வெறுமையான சாலையில் அவ்வப்போது துடுப்பை இழுத்துப் பழகுவது விளையாட்டன்று. தேவைப்படும் நாளுக்கான ஆயத்தம்.

இவ்வறிவு காருக்குள் மட்டும் அடங்குவதில்லை. வளர்ந்த மகளிடம் வீட்டுக் கணக்கை ஒப்படைத்த தந்தை, கடையை மருமகன் கையில் கொடுத்த மாமனார், இளைய ஊழியரிடம் கோப்பை நீட்டிய அதிகாரி ஆகிய எல்லோருக்கும் ஓர் இடது கால் உண்டு. பொறுப்பைக் கொடுத்துவிட்ட பிறகும் அது பழைய இடத்தில் பழைய வேகத்தோடு மிதிக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி குலுங்கி நிற்கிறது. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஒருசேரத் தீராத் துன்பம் என்று கருதிய வள்ளுவரின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தை அடுத்து, பணியை உரியவரிடம் விடுவதைப் பேசும் 'தெரிந்து வினையாடல்' அமைந்திருப்பது மிகப் பொருத்தமானது. பெரியவர்களின் அனுபவத்திற்கு மதிப்பு இருக்கவே இருக்கிறது. அவர்கள் முன்பே கடந்த வளைவுகள் இளையோருக்கு இன்னும் தெரியாதவை. அவ்வளைவு வருமுன், சாலை நேராக இருக்கும்போதே, ஒருமுறை சொல்வதில் அந்த மதிப்பு முழுமை பெறுகிறது. நெருக்கடியின் நடுவில் எழும் அறிவுரை, திரும்பிய சக்கரத்தில் தேடும் துடுப்பைப் போல, எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்பவருக்கே தெரியாது.

கடைசி வளைவும் முடிந்து மலையடிவாரத்தின் நேர்ச்சாலை தொடங்கும்போது, முகப்பிலிருந்த 2 என்னும் எண் மறைந்து மீண்டும் 'டி' தோன்றுகிறது. எஞ்சினின் ஒலி தணிகிறது. ஓட்டுநரின் விரல் துடுப்பைவிட்டு விலகி ஸ்டீயரிங்கின்மேல் படிகிறது. கண்கள் மட்டும் முன்னே உள்ள சாலையிலிருந்து விலகுவதில்லை. இடது கால் தன் மேடையில் அமைதியாக ஊன்றியிருக்கிறது.